தாளில் உள்ளபடி

தேநீரில் சர்க்கரை குறைவாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று குறைத்துக் குறைத்துப் போட்டுப் பழகிய கை, அவர் போன பிறகும் அதே அளவில்தான் நிற்கிறது.

நீங்கள் கேட்ட தொட்டில் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சுயசரிதையின் ஏழாம் அத்தியாயத்தில் மழை பெய்கிறது, கூரை ஒழுகுகிறது, சமையலறையில் இருந்த பாத்திரம் எல்லாம் தரைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒழுகாத ஒரே மூலைக்குத் தொட்டிலை நகர்த்திவிட்டு நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். தொட்டிலில் மகள். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள் என்று ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. அது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதிப்பகத்தில் உங்களைப்போல் ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தொட்டிலை எடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னால் எழுந்து போகிற ஆள் இல்லை நீங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, உட்காருங்கள். புத்தகத்திலேயே உயிரோட்டமாக இருப்பது அந்த ஏழாம் அத்தியாயம்தான் என்று உள்ளே நுழைந்ததும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் வாய் நமநமக்கிறது. என் எழுத்தை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

அவரை உங்களுக்குக் குரலாகத் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான். மாலைச் செய்தி என்றால் அவர் குரல். அதே வானொலி நிலையத்தில் நான் செய்திப் பிரிவின் தட்டச்சர். செய்தி ஆசிரியர் கிறுக்கிக் கொடுப்பதை வாசிக்கிற தாளாக மாற்றுவது என் வேலை. சாதாரணமாக அடிப்பது வேறு, வாசிப்பவருக்கு அடிப்பது வேறு. வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாண்டக்கூடாது, தாள் புரளும் சத்தம் மைக்கில் விழும். மூச்சு விடுகிற இடத்தில் வரி உடைய வேண்டும். அவர் எங்கே மூச்சு விடுவார் என்று அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

செய்தி வாசிப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தாளில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். தப்பு என்று மனசு சொன்னாலும் நடுவில் நிறுத்தித் திருத்தக்கூடாது. ஒருமுறை கிழக்கே போகவேண்டிய புயலை நான் மேற்கே அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து நிலையம் முழுக்க அந்தப் புயல் பேச்சுதான், அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் குரலில் ஒரு நெருடல் இல்லாமல் மேற்கே என்றே வாசித்தார். வெளியே வந்து, "இந்தாம்மா, அந்தப் புயல் பாவம், வழி தெரியாம திண்டாடப்போவுது" என்றார். "தெரிஞ்சும் ஏன் சார் அப்படியே வாசிச்சீங்க?" என்று கேட்டேன். "என் மூளையை நம்பினா நான் மாட்டிக்குவேன். தாளை நம்பினா நீங்க மாட்டிக்குவீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு புயலைத் திருப்பிவிட்டிருப்பேன்.

இந்தாம்மா. அதுதான் என் பெயர். நிலையத்தில் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு மாறும் என்று நினைத்தேன். 'நீங்க' போய் 'நீ' வந்தது. இந்தாம்மா அப்படியே இருந்தது.

முதல் மனைவிக்கு மட்டும் செல்லப்பெயர் வைத்திருந்தார். சிட்டு. நான் அவளை நேரில் பார்த்ததில்லை. சின்ன வயதிலேயே நோயில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது ஆறு வயது. கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் உணவு இடைவேளையில் என் மேசைக்கு வந்து, "பாப்பாவைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்க நிதானமானவங்க" என்றார். பெண் கேட்டது அப்படித்தான். நிதானமானவள் என்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பல வருடம் ஓட்டினேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கண்ணழுத்த நோய் வந்து பார்வை முழுக்கப் போயிற்று. உங்கள் பதிப்பகம் சுயசரிதை கேட்டது அப்போதுதான். ஒலிப்பதிவுக் கருவி அனுப்புகிறோம் என்று சொன்னீர்கள், அவர் வேண்டாம் என்றார். "மைக் முன்னாடி உட்காந்தா நான் நானா இருக்க மாட்டேன், நடிக்க ஆரம்பிச்சிடுவேன். இந்தாம்மா அடிக்கட்டும்." ஆகவே மதியம் அவர் சொல்வார், நான் கணினியில் அடிப்பேன். மாலையில் வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகு அவர் ஒன்று செய்வார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பக்கத்தை அப்படியே தன் செய்திக் குரலில் திரும்பச் சொல்வார். பழைய பழக்கம். தன் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டால் அது அவர் மண்டையில் ஆணியடித்ததுபோல் நிற்கும்.

சுயசரிதை எழுதுவதில் பெரிய கஷ்டம் ஞாபகப்படுத்துவது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது இல்லை. ஞாபகம் ஒன்றைப் பிடித்து ஒன்று வந்துகொண்டே இருக்கும். யாரை எவ்வளவு எழுதுவது என்பதில்தான் கஷ்டம். இன்னொன்றும் கவனித்தேன். ஒரு விஷயத்தை எழுதி முடித்ததும் அந்த விஷயம் போய்விடுகிறது, எழுதியது மட்டும் மிஞ்சுகிறது. நிலையத்து மாடிப்படி அகலமானது என்று முதலில் எழுதினோம். பிறகு பேசும்போதெல்லாம் அகலமான மாடிப்படி என்றார். அது ஒற்றை ஆள் ஏறுகிற படி, நான் தினமும் ஏறியது. அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

சிட்டு மட்டுமே ஐந்து அத்தியாயம் வந்தாள். அவள் சாம்பார் வைத்தால் அடிப்பிடிக்கும் என்பதுகூட ஒரு பக்கம். சுருதி இல்லாமல் பாடுவாள், அதற்கு ஒரு பக்கம். மகள் குளிக்க அடம்பிடித்தால் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "முக்கியச் செய்திகள். பாப்பா இன்னும் குளிக்கவில்லை. பக்கத்து வீடுகளில் பதற்றம் நிலவுகிறது" என்று அவர் குரலிலேயே வாசிப்பாளாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பார்வையில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். செய்தி என் வேலை. அதில்கூட அவள் முந்திக்கொண்டாள்.

பிறகு என் முறை வந்தது. அன்றைக்குத் தலையை எல்லாம் வாரிக்கொண்டு உட்கார்ந்தேன், பார்வையில்லாதவர் முன்னால். அவர் சொன்னார்: "பிறகு மறுமணம் செய்துகொண்டேன். வீடு ஒழுங்குக்கு வந்தது." அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்த கதைக்குப் போய்விட்டார்.

"என்னங்க, அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"எது?"

"மறுமணம்."

"வேற என்ன இருக்கு?" என்றார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. புதுக் கட்டடத்துக்கே திரும்பிவிட்டார். அந்தக் கட்டடம் மூன்று பக்கம் வந்தது.

வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. செத்தவள்மேலா பொறாமை என்று நினைப்பீர்கள். உயிரோடு இருக்கிறவள் என்றால் பரவாயில்லை. அவளுக்கும் நரைக்கும், அவளும் குறட்டை விடுவாள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எரிந்து விழுவாள். சிட்டு இளமையிலேயே நின்றுகொண்டாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது, நகத்தில் அழுக்கு எடுப்பது எல்லாம் நான். புத்தகம் அவளுக்கு.

முதலில் ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்தேன். 'என் அருமைச் சிட்டு' என்பதில் அருமையை. இரண்டாவது வாசிப்பில் அது இல்லாமலே படித்தேன். அவர் கவனிக்கவில்லை, அது இல்லாமலே திரும்பச் சொன்னார். அடுத்த மாதம் கரண்டிச் செய்தியை எடுத்துக்கொண்டேன். 'சிட்டு' இருந்த இடத்தில் 'என் இரண்டாம் மனைவி'. அதைப் படித்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"நீயா? சிட்டு இல்ல?"

"நான்தாங்க. பாப்பா அடம்பிடிச்சப்ப."

"தாள்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"நான்னுதான் இருக்கு."

"அப்ப சரி" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து செய்திக் குரலில் சொன்னார். கடைசியில் பழையபடியே சிரித்தார். அன்றைக்கு என் பக்கம் திரும்பி, "உனக்குக்கூட இவ்வளவு குறும்பு இருந்திருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அதன் பிறகு சுலபம். மழையும் கூரையும் எனக்கு வந்தன. ரயிலைத் தவறவிட்டு நடைமேடையிலேயே உட்கார்ந்து பேசித் தீர்த்த கதை எனக்கு வந்தது. அடிப்பிடித்த சாம்பாரை அவளுக்கே விட்டுவிட்டேன். செல்லப்பெயரையும் விட்டுவிட்டேன். எனக்கும் மனசாட்சி உண்டு. உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். நினைவுகளில் பெரிய பொய் நிற்காது. கரண்டி, பாத்திரம், குமிழ் மாதிரிச் சின்னப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால், மிச்சத்தை ஆளே நம்பிக்கொள்வார்.

எல்லாம் எடுத்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை. அவள் போன மாலை. அவர் சொன்னபடி அது இப்படி. உடம்பு சரியில்லாத சிட்டு, "நீங்க போய் வாசிங்க, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்று அவரை வேலைக்கு அனுப்புகிறாள். செய்தி முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைகிறார். வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. அவள் அதன் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் மகள். "அம்மா உங்க குரலைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டாங்கப்பா" என்கிறாள்.

மனசு சரியில்லாத நாளில் எல்லாம் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்வார். கரண்டிக்குச் சிரித்ததும், மழைக்குச் சிரித்ததும் அந்தப் பக்கத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். என் வாயாலேயே படிக்க வேண்டும். எத்தனை தடவை படிப்பது?

அச்சுக்குப் போகும் முன் கடைசி வாசிப்பு என்று சொல்லி ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். அந்த இடம் வந்தது. மகளின் வாக்கியத்தை எடுத்துவிட்டிருந்தேன். வானொலி பாடிக்கொண்டிருந்தது என்ற இடத்தில், வானொலி அணைந்திருந்தது என்று படித்தேன்.

"அணைஞ்சா இருந்துச்சு?"

"நீங்க அப்படித்தான் சொன்னீங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, அப்பவே ரெண்டு தடவை கேட்டேன்."

"பாடிக்கிட்டு இருந்த மாதிரி..." என்று தொடங்கி நிறுத்தினார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை. அன்றைக்குத் திரும்பச் சொல்லவும் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாள், "அப்ப அவ கேக்கவே இல்லை" என்றார். அதற்கடுத்த நாள், "யாரு அணைச்சிருப்பா?" என்றார். எனக்குத் தெரியாதுங்க, நான் அங்கே இல்லையே என்றேன். அது சத்தியமான உண்மை. மகளைக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவராகத்தான் போனார் அங்கே.

மகள் வாரம் தவறாமல் வருவாள். அப்பாவுக்குத் தலைமுடி வெட்டிவிடுவாள், இருவரும் என்னென்னவோ பேசிச் சிரிப்பார்கள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தால் பேச்சு நிற்கும். மரியாதைக்கு நிற்கும் பேச்சுதான். "சித்தி, நீங்களும் உக்காருங்க" என்பாள். அவள் சிரித்தால் அவர் முகம் மலரும். யாருடைய சிரிப்பு அது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் அவர் கேட்டார். "பாப்பா, அம்மா போன அன்னைக்கு ரேடியோவ யாரும்மா அணைச்சா?"

"அணைக்கலையேப்பா. பாடிக்கிட்டு இருந்துச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"தாள்ல அணைஞ்சிருந்துச்சுன்னு இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா சொன்னதைத்தான் அடிச்சேன்" என்றேன்.

பாருங்கள், அந்த நாளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன நிற்கும்? அவர் விடவில்லை. வருகிறபோதெல்லாம் கேட்டார். நல்லா யோசிச்சுப் பாரும்மா, பக்கத்துல நீ மட்டும்தானே இருந்தே. அவளும் யோசித்தாள். வீட்டுக்குப் போயும் யோசித்திருப்பாள் போலிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஒருநாள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான்தான் அணைச்சேன்னு நினைக்கிறேன். அம்மா தூங்கட்டும்னு அணைச்சிருப்பேன். குமிழைத் திருகினது விரல்லயே இருக்குப்பா. கறுப்புக் குமிழ். டக்குனு ஒரு சத்தம்."

அந்த வானொலி இன்னும் மேல் அலமாரியில் இருக்கிறது, உங்கள் தலைக்கு மேலே. எட்டிப் பார்த்தால் தெரியும். குமிழ் வெள்ளை. அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அவளாக மனசிலிருந்து சொல்லும்போது நடுவில் புகுந்து திருத்துவது நன்றாகவா இருக்கும்?

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "என் குரலைக் கேக்காமலே போயிட்டா" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நீ கிளம்பும்மா" என்றார். பாப்பா என்று சொல்லவில்லை. அதன் பிறகும் சில தடவை வந்தாள். கத்திரிக்கோல் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் வருவது நின்றது. அவளுடைய பெயர் பேச்சிலேயே வராமல் போயிற்று. வீடு ஒழுங்குக்கு வந்தது.

என் மகள் அறியாமல் அணைத்துவிட்டாள் என்ற வரியை அவரே சொன்னார், நான் அடித்தேன். அது என்னுடையது இல்லை. அந்தப் பக்கத்தில் என்னுடையது ஒரே ஒரு வாக்கியம், இரண்டே சொல். அந்த வரியை எடுக்க வேண்டாம், எனக்கு அது வேண்டும், அது என் தண்டனை என்று மகள் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் வளர்த்த பிள்ளை. ஆனால் படிக்கிறவர்களுக்கு அந்த இடம் நெஞ்சில் நிற்கும், அது உங்களுக்கே தெரியும்.

பழைய பிரதி இருக்கிறதா என்று தேடவேண்டாம். கணினியில் ஒரே கோப்பில் ஒன்றின் மேலேயே ஒன்றாக அடித்து வந்தேன். நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தொட்டில் ஒன்றுதான். ஏழாம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது என்றீர்கள், அதனால் சொன்னேன். இனி உங்கள் விருப்பம். தொட்டிலை மட்டும் எடுத்துவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும்.

கடைசி மாலையில் அவர் பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு, தாள் இல்லாமலே, ஏழாம் அத்தியாயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாத்திரங்கள் தரைக்கு வரும் இடத்தில் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் எனக்குக் கொடுத்ததே இல்லை. நான் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி என் கையை இறுக்கினார். குரல் தெளிவாக இருந்தது, செய்திக் குரல்.

"சிட்டு, அந்தம்மா புயலை மேற்கே அனுப்பிட்டாங்க. நானும் அப்படியே வாசிச்சுட்டேன். பாப்பாகிட்ட சொல்லிடு."

அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நினைவு தப்பிய நேரத்துப் பிதற்றல். அந்தம்மா என்று யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை, வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். மகளிடம் சொன்னீர்களா என்று கேட்காதீர்கள். நான் எப்படிச் சொல்வது? அந்த வேலையை அவர் சிட்டுவிடம் ஒப்படைத்தார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.